பூசலாரும் ஆச்சியும்

நயினாதீவு இரண்டு உண்டு. பனையும் பூவரசும் உவர்க்காற்றும் கொண்டு, புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகாட்டுவான் துறையிலிருந்து மோட்டார் வள்ளமேறிச் சிறிது நேரத்தில் அடையத்தக்கதாய்க் கடலிலே கிடப்பது ஒன்று. அந்தக் கரையை ஒருநாளும் மிதியாதவர்கள்கூடக் கதை கேட்டுக் கேட்டே தத்தம் சித்தத்தில் எழுப்பிக்கொண்ட தீவு மற்றொன்று. மணிமேகலா தெய்வம் உவவனத்திலிருந்து மணிமேகலையை மயக்கி எடுத்துச்சென்று தனியே விட்ட மணிபல்லவம் இதுவே என்றும், வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி அவள் கைக்கு வந்தது இங்கேதான் என்றும் எங்கள் ஊரவர் ஐயமின்றி நம்புவர். அறிஞர் சிலர் வேறிடம் காட்டி மறுப்பர். அந்த வாதம் இன்னும் தீராதிருந்தும், அமுதசுரபியின் பெயர் தாங்கிய அன்னதான மண்டபத்தில் வந்தவர்க்கு இலை போடுவதற்கு அது ஒரு தடையாக இருந்ததில்லை. மணியாசனம் ஒன்றின்பொருட்டுப் போருக்கு எழுந்த மகோதரன், சூளோதரன் என்னும் நாகவரசர் இருவரையும் சமாதானப்படுத்தப் புத்தர் எழுந்தருளிய நாகதீபம் இதுவே என்று மகாவம்சத்தைப் போற்றும் சிங்கள யாத்திரிகர் கருதுவதால், நாகபூஷணி அம்மனை வணங்கப் போவோரும் நாகவிகாரையை வணங்கப் போவோரும் ஒரே வள்ளத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் கடல் கடக்கின்றனர். கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாறைகளை, அம்பாளுக்குப் பூவைக் கவ்வி நீந்திவந்த நாகம் சுற்றிக்கொண்ட கல்லென்றும், அதனை மறித்த கருடன் அமர்ந்த கல்லென்றும் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அவற்றை வெறும் பாறையாகக் காணத் தெரிந்த பிள்ளை எங்கள் ஊரிற் குறைவு.

இத்தகைய தீவிலே பிறந்தவர்களுக்கு மனம் இயல்பாகவே அடங்கியிருக்கும் என்று வெளியூர் நண்பர்கள் நினைப்பதுண்டு. கடல் சூழ்ந்த இடமெல்லாம் சாந்தி குடிகொண்ட இடம் என்னும் இந்த எண்ணம், கடற்கரைக்கு மாலைக் காற்று வாங்க மாத்திரம் போகிறவர்களுடையது. அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைக் காண்பவர்களுக்கு அது நிலைக்காது. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகிய அந்தச் சாசனம், ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளுக்குக் காவலும் ஆதரவும் கூறியபின், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மூன்று உடையவனுக்கு என்றும், சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு என்றும் கணக்குத் தீர்க்கின்றது. உடைந்த கப்பலில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தேவியின் சந்நிதியில் கல்லிலே வெட்டி வைக்கவேண்டியிருந்த ஊர், கவலையற்ற ஊராக இருந்திருக்க முடியாது. இன்றைக்கும், சோழகம் வீசும் ஆனி ஆடி மாதங்களில் கடைசி வள்ளம் புறப்படுமா புறப்படாதா என்ற ஏக்கத்தோடு துறையில் நிற்பவனுடைய மனம் எத்தனை திசையில் ஓடுகின்றது என்பதை நிற்பவனே அறிவான். உடல் துறையில் நிற்கும். மனமோ யாழ்ப்பாணத்துக் கந்தோரில் அதிகாரியோடு வாதாடும், பின்னர் வீட்டு வாசலில் நின்று தாமதத்துக்குச் சமாதானம் சொல்லும், அதற்கும் பின்னர் நாளைய வழக்கொன்றை இன்றே தோற்று வருந்தும்.

இப்படி ஓடுகின்ற மனம் தீவாருக்கு மாத்திரம் உரியதன்று. 2010ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வர்த், கில்பேர்ட் என்னும் ஆய்வாளர் இருவர், வயதுவந்தோர் 2,250 பேரைக் கைத்தொலைபேசி மூலம் நினையாத வேளைகளில் இடைமறித்து, இப்போது என்ன செய்கிறீர், எதை எண்ணுகிறீர் என்று வினவி, விழித்திருக்கும் காலத்தில் 46.9 வீதம் மனம் கைவேலையை விட்டு வேறிடம் போயிருக்கின்றது என்று வெளியிட்டனர். என்னைக் கவர்ந்தது அந்தத் தொகையன்று. இன்பமான விஷயங்களை நோக்கி மனம் அலைந்தபோதுகூட, கையிலுள்ள கருமத்திலேயே நின்ற வேளையைக் காட்டிலும் மனிதர் கூடுதலான மகிழ்ச்சி அடையவில்லை என்பது அவர்கள் கண்ட மற்றொரு முடிவு. ஆகவே, சஞ்சலமுற்றவனைப் பார்த்து, கண்ணை மூடு, அழகிய கடற்கரை ஒன்றை எண்ணிக்கொள், துயர் பறந்துவிடும் என்று கூறும் இக்காலத்து உபதேசம் அரைகுறையானது. மனோராச்சியத்தில் இன்பமான மாகாணங்களும் உண்டு. அவற்றைச் சுற்றிவந்தவனும் களைத்துத்தான் திரும்புகிறான்.

எண்ணாதே என்று மனத்துக்கு ஆணையிடுவதும் பயன் தருவதில்லை. மருந்து குடிக்கையில் குரங்கை நினைக்காதே என்ற வைத்தியன் கதையை அறியாத தமிழர் இல்லை. 1987இல் டானியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர், வெள்ளைக் கரடியை எண்ணாதிருக்கும்படி மாணவர்களைப் பணித்து, அவர்கள் அதனையே திரும்பத் திரும்ப எண்ணியதைப் பரீட்சித்து நிறுவியது அந்த வைத்தியனுக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த சாட்சியாகும்.

அப்படியானால் ஓடுகின்ற கற்பனையை என்ன செய்வது? அதற்கு வேலை கொடுக்கவேண்டும். அதுவும் அளவும் முறையும் உள்ள வேலையாக, அவசரப்படுத்த முடியாத வேலையாகக் கொடுக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. இதற்குச் சான்றாகத் திருநின்றவூர்ப் பூசலாரைவிடப் பெரியவர் எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராண படனம் என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, அருகிலிருக்கும் மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். கேட்போர் மண்டபத்து நிலத்திலே சப்பாணி கட்டி அமர்ந்திருப்பர். ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டபின், படிக்கத் தெரிந்த வீடுகளிலும் அந்த நாயன்மார் புகுந்துகொண்டனர். அங்ஙனம் கேட்டும் படித்தும் நாங்கள் அறிந்த பூசலார் சரித்திரத்தில் யாவரும் வியந்து பேசுவது, அரசனுடைய கனவிலே சிவபெருமான் தோன்றி, நாளை நாம் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகின்றோம், நீ உன் பிரதிஷ்டையைப் பின்போடு என்று கூறிய அந்த இடத்தைத்தான். காஞ்சியிலே கற்றளி எடுத்த பல்லவ மன்னன், தன்னை முந்திக்கொண்ட அந்தக் கோயிலைக் காணத் திருநின்றவூருக்கு விரைந்து வந்து, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று வினவ, ஊரவர் அப்படியொரு கோயில் இங்கே இல்லையே என்று திகைக்கும் காட்சி, பயன் சொல்லுபவருக்கு நல்ல சந்தர்ப்பம். எத்தகைய மந்தமான உரைகாரரும் அங்கே சோபிப்பர்.

எனக்கோ அதற்கு முந்திய பகுதியே பெரிதாகத் தோன்றுகின்றது. கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி அலைந்து, ஒன்றும் கிடையாமல் வருந்தி, இனி மனத்தினாலே செய்வேன் என்று துணிந்த பூசலார், அடுத்த கணமே வானளாவிய கோபுரமொன்றைக் கண்முன் நிறுத்திக்கொள்ளவில்லை. மனத்திற் கட்டுபவனுக்கு யார் தடை? காசில்லாமற் கட்டும் கோயிலுக்குக் கல் வருவதற்குக் காத்திருக்க வேண்டுவதென்ன? ஆயினும் அவர் காத்திருந்தார். பொருளையே சிறிது சிறிதாக மனத்திற் சேர்க்கின்றார், பின்னர் உபகரணங்களைத் தேடுகின்றார், தச்சரை அழைக்கின்றார், நல்ல நாள் பார்த்து, ஆகம விதிப்படி நிலத்தை வகுத்து அத்திவாரம் இடுகின்றார், இரவிலும் கண் துயிலாமல் வேலை நடத்துகின்றார், உபானம் முதலாகிய வரிசைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, விமானத்தை உரிய முழக்கணக்கின்படி உயர்த்தி, தூபி நட்டு, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, தடாகம் அமைத்து, அதன்பின்னரே பிரதிஷ்டைக்கு நாள் வைக்கின்றார். கிணற்றைக்கூட அவர் மறக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். வீண்கனவு காண்பவன் எவனும் தன் கனவு மாளிகைக்குக் கிணறு தோண்டுவதில்லை. அவன் நேரே உப்பரிகைக்குப் போய்விடுவான். சேக்கிழார் சோழநாட்டு அரசியலோடு பழகியவராதலால், கோயில் எழும்பும் ஒழுங்கை நன்கறிந்து, அந்த ஒழுங்கு ஒரு படியும் தவறாமல் இந்த மனக்கோயிலுக்கும் விதித்தார் போலும். கல் சுமக்கும் கோயிலுக்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவும் மனத்திற் சுமக்கும் கோயிலுக்கும் வேண்டியிருந்தமையினாலேதான், பூசலாருடைய சித்தம் ஓடுவதற்கு வெளியின்றி அந்தந்த வரிசையிலே, அந்தந்தக் கல்லிலே, அந்தந்த நாளிலே நின்றது.

நாகவிகாரைக்குப் போகும் யாத்திரிகருடைய மரபிலும் இதுவே காணப்படுகின்றது. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோஷர், மனத்தை ஒருமுகப்படுத்த முனையும் பிக்கு மண்ணினால் ஒரு வட்டம் செய்துகொள்ளவேண்டும் என்கிறார். அந்த மண் வைகறையின் செந்நிறமாயிருத்தல் வேண்டும். வட்டத்தின் குறுக்களவு ஒரு சாணும் நாலு விரலும். அதற்கு இரண்டரை முழத் தூரத்திலே இருக்கை. கண்ணை மிக விழிக்கவும் கூடாது, மிக ஒடுக்கவும் கூடாது. இவ்வாறு பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினும் வட்டம் அப்படியே தோன்றும் நிலை வந்தபின்னரே எழுந்து தன் உறைவிடம் செல்லலாம். மனத்தை அடக்கும் நூலிலே தச்சன் ஓலையில் இருப்பதுபோல் சாணும் விரலும் முழமும் வந்து நிற்பது முதலிற் படிப்பவருக்கு வேடிக்கையாயிருக்கும். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குருமாருக்குப் பரிச்சயமான இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த தியான முறையும் பெத்தலகேமுக்குப் போகும் பாதை நீளமானதா, அகலமானதா, மேடானதா, பிள்ளை பிறந்த குகை எவ்வளவு உயரம் என்றெல்லாம் முதலில் மனத்தில் அளந்துகொள்ளும்படியே பணிக்கின்றது. சைவாகமங்கள் விதிக்கும் அந்தர்யாகமும், இருதயத்திலே பூசை, நாபியிலே ஓமம், புருவ நடுவிலே தியானம் என்று உடம்புக்குள்ளேயே இடம் பிரித்து வேலையை ஒழுங்குசெய்கின்றது. ஒருவரை ஒருவர் மறுத்து வாதித்த சமயங்கள் இந்த ஒன்றில் மாத்திரம் கலந்து பேசியவர்கள்போல் உடன்படுகின்றன.

மனத்திலே காணும் இடத்துக்கும் உண்மையான தூரம் உண்டோ என்று ஐயுறுவோருக்கு, 1978இல் ஸ்டீவன் கொஸ்லின் என்னும் உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய பரிசோதனை ஒன்றைச் சொல்லலாம். அதுவும், தற்செயலாக, ஒரு தீவைப் பற்றியது. இல்லாத தீவொன்றின் படத்தை வரைந்து, அதில் குடிசை, மரம், பாறை, கிணறு, ஏரி, மணல், புல் என ஏழு இடங்களைக் குறித்து, பார்க்காமலே திருப்பி வரையும் அளவுக்கு மாணவர்களை மனனம் செய்வித்தார்கள். பின்னர்ப் படத்தை மறைத்துவிட்டு, மனத்திலுள்ள தீவில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிறிய கரும்புள்ளி ஒன்றை ஓட்டி, போய்ச் சேர்ந்ததும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். படத்திலே தூரம் கூடக் கூட, மனத்திலே போவதற்கு எடுத்த நேரமும் அந்த விகிதத்திலேயே கூடியது. அந்தக் கிணறும் குடிசையும் எங்கும் இருந்ததில்லை. ஆயினும் அவற்றினிடையே நடக்க நேரம் பிடித்தது.

எனக்கு ஆச்சி முறையான ஒரு மூதாட்டி, போர்க்காலத்திலே தீவை விட்டுப் புறப்பட்டு, பல இடங்களில் அலைந்து, இப்போது கனடாவில் ஸ்காபரோவிலே மகனோடு வாழ்கின்றார். மாடிக் குடியிருப்பொன்றின் உயரத்திலே, வெளியே பனி கொட்டும் மாசி மாதத்தில், அவரைக் காணப் போயிருந்தேன். சாய்மனைக் கதிரையிலே கண்ணை மூடியபடி இருந்தார்.

“என்ன ஆச்சி, நித்திரையோ?”

“இல்லை மோனை. குறிகாட்டுவானிலை நிக்கிறன். வள்ளம் இன்னும் வரேல்லை.”

வேடிக்கைக்காக, “நினைப்பிலைதானே ஆச்சி போறியள், வள்ளத்தை உடனை வரப்பண்ணலாமே” என்றேன். கண்ணைத் திறவாமலே, “உடனை வந்தால் அது என்ன வள்ளம்?” என்றார்.

பின்னர் அவர் விவரித்த ஒழுங்கைக் கேட்டபோது, பூசலார் கிணறு தோண்டியது எனக்கு ஞாபகம் வந்தது. எந்த மாதத்தில் போகிறாரோ அந்த மாதத்துக் காற்றே வீசும். சோழகமானால் வள்ளத்தின் அணியத்திலே தண்ணீர் அடிக்கும், சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொள்ளவேண்டும். இறங்குதுறையிலே கைகொடுத்து ஏற்றிவிடுபவர் ஒருவர் இருப்பார். வீதிக்குப் போனதும் கால் கழுவவேண்டும். செருப்பை எங்கே விட்டோம் என்பதைப் பார்த்து வைக்கவேண்டும். பிள்ளையாரைக் கும்பிடாமல் அம்பாளிடம் போகக்கூடாது. உள்வீதியை இடம்விட்டு இடம் தாவாமல் சுற்றவேண்டும். இடையிலே மகனுடைய வீட்டுக் கடனோ வைத்தியரிடம் போகவேண்டிய நாளோ குறுக்கிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அது வந்திட்டுப் போகும். நான் விட்ட இடத்திலை திரும்பி நிப்பன்” என்றார். அதன் பின்னர் அவர் சொன்னதே இந்த விஷயத்தின் மர்மம் என்று நினைக்கிறேன்: “வந்த புதிசிலை இப்பிடி இல்லை. வள்ளம் கிள்ளம் ஒண்டும் இல்லை, கண்ணை மூடின உடனை அம்பாள் வாசலிலை போய் விழுவன். விழுந்தால் பிறகு அழுகைதான். ராத்திரி முழுக்க நித்திரை வராது.”

ஒரே கோயில், ஒரே மனம், ஒரே பிரிவு. பாய்ந்து போன காலத்தில் அது துயராக முடிந்தது. காத்து நின்று, நனைந்து, படியேறிப் போகத் தொடங்கியபின் சாந்தியாக முடிந்தது. பாய்ச்சலிலே இருப்பது ஆசை. ஆசை போய்ச் சேரும் இடத்தை மாத்திரம் அறியும். வழியை முழுவதும் நடப்பவளுக்கோ அந்தந்த அடியில் அந்தந்தக் காரியம் இருக்கின்றது. ஏங்குவதற்கு அவளுக்கு அவகாசமில்லை.

ஆனால் இது நிகழ்காலத்தில் நிற்பதாகுமா, இல்லாத இடத்தில் வாழும் தப்பித்தல் அல்லவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நல்ல கேள்விதான். சும்மா இருத்தலே முடிந்த முடிபென்று கூறும் ஞானியர், பாவனையும் ஒரு விலங்கே, பொன்விலங்கு என்பார்கள். அவர்களோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. சரியையும் கிரியையும் கடந்து நிற்பவர்களுக்குரிய மருந்தை, வீட்டுக் கடனை எண்ணி விழித்திருப்பவனுக்குக் கொடுப்பதிலே நன்மையுண்டா என்பதில் மாத்திரம் எனக்கு ஐயமுண்டு. மேலும் ஒன்று கண்டேன். அன்று ஆச்சி தம் பிரதட்சணத்தை முடித்துக் கண் திறந்ததும், என் சட்டையிலே பொத்தானொன்று அறுந்து நூலிலே தொங்குவதைப் பார்த்து, “கழட்டித் தா மோனை, தைச்சுவிடுறன்” என்று ஊசிப்பெட்டியை எடுத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும், நான் உட்பட, அந்தப் பொத்தானைக் காணவில்லை.

எல்லாருக்கும் இவ்வாறு மனத்திலே காட்சி எழுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கண்ணை மூடினால் ஒரு படமும் தோன்றாத மனிதர் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி ஆராய்ந்த ஆடம் சேமன் என்னும் நரம்பியல் மருத்துவர் 2015இல் அந்த இயல்புக்குத் தனிப்பெயர் இட்டபின் உலகம் அதனைப் பேசத் தொடங்கியது. இத்தகையவர்களைப் பூசலாரிடம் அனுப்புவதிற் பயனில்லை. மயிலாப்பூர் வாயிலாரிடம் அனுப்பலாம். அவரும் மனத்திலே கோயில் கொண்டவரே. ஆனால் அங்கே கல்லும் இல்லை, சுதையும் இல்லை. மறவாமையே கோயில், உணர்வே விளக்கு, ஆனந்தமே திருமஞ்சனம், அன்பே நைவேத்தியம் என்று அவருக்குச் சேக்கிழார் வகுத்த பூசையிலே, கண்ணுக்குப் புலனாகும் பொருள் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அங்கேயும் கோயில், விளக்கு, திருமஞ்சனம், அமுது என்னும் வரிசை குலையவில்லை. ஐப்பசி அனுஷத்திலே பூசலாருக்கும் மார்கழி ரேவதியிலே வாயிலாருக்கும் குருபூசை செய்யும் மரபு, இந்த இரு வகையினரையும் ஒரே நாயன்மார் வரிசையில் இருத்தியிருக்கின்றது.

போர் ஓய்ந்தபின் எங்கள் அம்மன் கோயிலிலே பெருந்திருப்பணி நடந்து, 2012இல் மகா கும்பாபிஷேகம் நிறைவேறியது. ஆச்சி விட்டுப் புறப்பட்ட காலத்துக் கோயில் இன்று அதே உருவத்தில் இல்லை. அவருடைய பேரன், ஊருக்குப் போய்வந்த யாரோ அனுப்பிய படங்களைக் கைத்தொலைபேசியிலே பெரிதாக்கிக் காட்டினான். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இராசகோபுரத்தை வெகுநேரம் பார்த்தார். எத்தனை தட்டு என்று விரலை வைத்து எண்ணினார். சுதைவேலை எந்த ஊர் ஆட்கள் செய்தது, சாரம் எவ்வளவு காலம் கட்டி நின்றது என்று விசாரித்தார். பேரனுக்கு ஒன்றும் தெரியவில்லை. “இனிமேல் இந்தக் கோயிலுக்குத்தானே ஆச்சி போவியள்?” என்றான். ஆச்சி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உடனை ஏலாது மோனை” என்றார். “இதைக் கட்டி முடிக்க எனக்குக் கொஞ்ச நாள் வேணும்.”